பார்த்தீனியத்துக்கு வண்டு விடலாமா?

கேள்வி: செங்குன்றம் பக்கம் முக்கால் ஏக்கரில் கத்தரியும் கீரையும் வைத்திருக்கிறேன். பக்கத்துக் காலி மனையிலிருந்து பார்த்தீனியம் வரப்பு தாண்டி வந்துவிட்டது. மருந்து அடிக்க மனமில்லை. பூச்சி விட்டே களையை ஒழிக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான், புதுசும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நம் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கும்பினி மருத்துவர் கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்துக் காசு பார்க்கும் ஆசை. 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குப் பூச்சி வந்தது. ஆனால் வந்தது வேறு இனம். சாயம் சுமார்தான், கள்ளியை மட்டும் உறிஞ்சியே காயவைத்தது. சாயக் கணக்கில் நஷ்டம். ஆனால் 1830-களில் அதே பூச்சியைக் கள்ளியை ஒழிக்கவென்றே தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். களையை அழிக்கத் தெரிந்தே பூச்சி விட்டதில் உலகிலேயே பழைய முயற்சிகளில் இதுவும் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், அது தின்றது ஒரு வகைக் கள்ளியைத்தான்; நம்மூர்ச் சப்பாத்திக்கள்ளியை அது சீண்டவில்லை. அதற்கு 1926-ல் இலங்கையிலிருந்து இன்னோர் இனம் வர வேண்டியிருந்தது. அது வந்த பிறகுதான் புதர் புதராகக் கிடந்த கள்ளி ஒழிந்தது. ஒரு பூச்சி ஒரு செடியைத்தான் பார்க்கும். இந்த முறையின் பலமும் பலவீனமும் அதுதான்.

பார்த்தீனியத்துக்கு மெக்சிகன் வண்டு. வெளிறிய முதுகில் கருங்கோடு ஓடியிருக்கும். 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். இடையில் சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று ஒரு கலவரம் கிளம்பி அடங்கியது. மழைக்காலத்தில்தான் நன்றாகத் தின்னும். வறண்ட காலத்தில் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடும். ஆகவே காலி மனைக்குச் சரி, கத்தரிப் பாத்திக்கு அதை நம்பாதீர்கள். நீங்கள் இரண்டு நாளில் கொத்துகிற களையை அது மாதக்கணக்கில் தின்னும்.

உங்கள் நிலத்தில், பூ வருமுன் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். வெறும் கையால் வேண்டாம், சிலருக்குத் தோல் வெடித்துப் புண்ணாகும். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். மனைக்காரர் சம்மதித்தால் அங்கே லிட்டருக்கு 200 கிராம் கல் உப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, நல்ல வெயிலில் இலை நனைய அடிக்கலாம். உங்கள் வரப்பை விட்டுத் தள்ளியே அடியுங்கள். உப்பு இறங்கினால் கீரை போச்சு. அப்புறம் அந்த இடத்தில் ஆவாரை விதையைத் தூவிவிடுங்கள், அடர்ந்து வந்தால் பார்த்தீனியத்துக்கு இடம் கொடுக்காது.