இன்டெல் தேறினால் டிஎஸ்எம்சி பங்குக்கு ஆபத்தா? கேள்வி பதில்

டிஎஸ்எம்சி என்பது மற்ற கம்பெனிகளுக்கு சிப் செய்துகொடுக்கும் தைவான் கம்பெனி. இது அதன் பங்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். இன்டெலை வைத்து வாங்கலாமா விற்கலாமா என்று நான் சொல்லப்போவதில்லை.

ராகவன்: இன்டெல் மீண்டு வருகிறதே, டிஎஸ்எம்சிக்கு அடிதானே?

இன்டெலுக்குத் தொழில் இரண்டு. சிப் வடிவமைத்து விற்பது ஒன்று, சிப் செய்யும் ஆலையான ஃபேப் நடத்துவது இன்னொன்று. முதல் தொழில் தேறினால் டிஎஸ்எம்சிக்கும் வருமானம்தான். 2024-இல் வந்த இன்டெல் சிப்புகளான லூனார் லேக், ஆரோ லேக் இரண்டிலும் சிபியு கோர்கள் உள்ள டைல் (சிப்பின் ஒரு துண்டு) டிஎஸ்எம்சியின் 3 நானோமீட்டர் ஃபேபில் செய்தது. அடுத்து வந்த பாந்தர் லேக்கில் அந்த டைலை 18ஏ என்ற தன் சொந்தத் தயாரிப்பு முறையில் இன்டெலே அரிசோனாவில் செய்கிறது. அந்த அளவுக்கு டிஎஸ்எம்சிக்கு வேலை குறைவு. ஆனால் அதிலும் பெரிய கிராஃபிக்ஸ் டைல் டிஎஸ்எம்சியிடமிருந்துதான் வருகிறது. செய்தித் தலைப்பை விடுங்கள், வேஃபர், அதாவது சிப்புகள் பதிக்கும் சிலிக்கான் தட்டு, யார் ஃபேபில் ஓடுகிறது என்று பாருங்கள்.

மீனா: நிவிடியா இன்டெலில் 500 கோடி டாலர் போட்டதே?

2025 செப்டம்பரில் பங்கு 23.28 டாலர் விலையில் வாங்குவதாக அறிவித்தார்கள். பங்கு வாங்குவது வேறு, ஆர்டர் கொடுப்பது வேறு. தங்கள் ஜிபியுவை (கிராஃபிக்ஸ், ஏஐ சிப்) இன்டெல் ஃபேபில் செய்து வாங்குவோம் என்று அந்த அறிவிப்பில் எங்குமே இல்லை. மறுபடியும் அதேதான்: வேஃபர் யார் ஃபேபில்?

சேகர்: அமெரிக்க அரசே இன்டெலில் கிட்டத்தட்ட 10% பங்குதாரர். ஆப்பிளையும் ஏஎம்டியையும் இன்டெல் பக்கம் தள்ளமாட்டார்களா?

தள்ளலாம். ஆனால் ஒரு சிப்பை ஃபேப் விட்டு ஃபேப் மாற்றுவது லேசான வேலை இல்லை. டிசைன் விதிகள், அடிப்படைச் சுற்றுகளின் தொகுப்பான செல் லைப்ரரி, வடிவத்தை வேஃபரில் பதிக்கும் மாஸ்க் எல்லாமே மாறும். 18ஏ-வில் மின்சாரம் வேஃபரின் பின்பக்கமாக வருகிறது, அதற்கு லேஅவுட்டையே புதிதாகப் போட வேண்டும்.

சேகர்: ஐபோன் 6எஸ்-இல் ஆப்பிள் இரண்டு இடத்தில் செய்ததே?

நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம் பேசுகிறது. 2015-இல் ஏ9 சிப்பை சாம்சங் 14 நானோமீட்டரிலும் டிஎஸ்எம்சி 16 நானோமீட்டரிலும் செய்தன. சாம்சங் டை (வெட்டி எடுத்த சிப் துண்டு) சுமார் 96 சதுர மில்லிமீட்டர், டிஎஸ்எம்சியுடையது 104.5. ஒரே சிப்புக்கு இரண்டு லேஅவுட், இரட்டைச் செலவு. அடுத்த வருடமே ஏ10 முழுவதும் டிஎஸ்எம்சிக்குப் போய்விட்டது.

சேகர்: அப்படியென்றால் டிஎஸ்எம்சிக்கு ஆபத்தே இல்லை என்கிறீர்கள்?

அப்படிச் சொல்லவில்லை. ஆர்டர் போகாவிட்டாலும் பேரம் போகும். மாற்றுக் கடை ஒன்று திறந்திருக்கிறது என்றாலே வாடிக்கையாளர் விலையை அமுக்குவார். டிஎஸ்எம்சியின் கிராஸ் மார்ஜின் (விற்பனையில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சுவது) 2024-இல் 56 சதவீதம், 2025 மூன்றாம் காலாண்டில் 59.5. இன்டெலின் அடுத்த முறையான 14ஏ-வுக்குப் பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைத்தால் முதலில் ஆட்டம் காணப்போவது அந்த எண்தான், வருவாய் இல்லை. அப்படி யாரும் வராவிட்டால் 14ஏ-வை நிறுத்தவும் நேரலாம் என்று 2025 ஜூலையில் இன்டெலே அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. 2024-இல் அதன் ஃபேப் பிரிவின் இயக்க நஷ்டம் சுமார் 1,340 கோடி டாலர். இதையும் கணக்கில் வையுங்கள்.

சேகர்: அரசு பணம் இருக்கும்போது நஷ்டம் ஒரு விஷயமா?

பணம் ஃபேப் கட்டும், யீல்டு (ஒரு வேஃபரில் தேறும் நல்ல சிப்புகளின் விகிதம்) கொண்டுவராது. இதோடு விடுவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

பிரியா: இன்டெல் ஏறுகிறது, டிஎஸ்எம்சியை விற்கலாமா?

ராகவனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜோசப்: நியூயார்க்கில் வாங்கும் ஒரு ஏடிஆர் எத்தனை பங்கு?

ஐந்து. ஐந்து தைவான் பங்குக்கு ஈடான அமெரிக்கச் சீட்டு அது. டிவிடெண்டில் தைவான் 21 சதவீதம் வரி பிடித்துக்கொள்ளும்.

அன்வர்: டாடாவின் தோலேரா ஃபேப் டிஎஸ்எம்சியோடுதானே?

இல்லை, பிஎஸ்எம்சி. அது தைவானின் வேறொரு சிப் கம்பெனி. இந்தத் தலைப்பில் வேண்டாம்.

கவிதா: இன்டெல் வருகிறதாம், விற்றுவிடவா?

ராகவன். மேலே. முதல் பதில்.

முருகன்: சீனா தைவானைத் தொட்டால்?

அது இன்டெல் கேள்வி இல்லை, இதைவிடப் பெரியது. அதற்குத் தனியாக ஒரு நாள் உட்காரலாம். அதுவரை டிஎஸ்எம்சி ஒன்றில் மட்டும் எல்லாப் பணத்தையும் வைத்திருப்பவர்கள் கொஞ்சத்தை வேறு பக்கம் நகர்த்திவிட்டு வாருங்கள்.