பச்சை மரத்தில் கரண்டி: கேட்டதும் சொன்னதும்

கைக்கோடரி ஒன்று, நேர்க்கத்தி ஒன்று, குழி தோண்ட நுனி வளைந்த கத்தி ஒன்று. இவற்றை மட்டும் வைத்துப் பல வருடங்களாக மரக்கரண்டி செதுக்கி வருகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

காய்ந்த மரம்தானே உறுதி? ஏன் பச்சை மரத்தில் செதுக்கச் சொல்கிறீர்கள் அக்கா?

கதவு, ஜன்னலுக்குக் காய்ந்த மரம்தான் வேண்டும், செய்த பிறகு அளவு மாறக் கூடாது. கரண்டி கொஞ்சம் சுருங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஈரம் இருக்கும்போது மரம் கத்திக்கு இணங்கி வரும். காய்ந்த கட்டையில் அரை நாள் மல்லுக்கட்ட வேண்டிய குழியைப் பச்சைக் கட்டையில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். காய்ந்தபின் அதே கரண்டி நல்ல கெட்டியாகிவிடும்.

எந்த மரம் நல்லது?

எனக்குக் கொய்யாதான் முதலில். இழை நெருக்கமாக இருக்கும், வாசனை குழம்பில் இறங்காது, கவாத்து செய்யும்போது கிளையும் கிடைக்கும். பூவரசும் அருமை. மா பரவாயில்லை. வேம்பு நன்றாகச் செதுக்க வரும், ஆனால் முதல் சில நாள் கசப்பு தெரியும். அரளி, எட்டி, தில்லை பக்கமே போகாதீர்கள், மூன்றும் நஞ்சு. பெயர் தெரியாத மரத்தில் சாப்பாட்டுக் கரண்டி வேண்டாம்.

மூன்று கரண்டி செய்தேன், மூன்றும் காயும்போது வெடித்துவிட்டன. என்ன தப்பு?

நீங்கள் அனுப்பிய படத்தில் குழியின் நடுவே ஒரு சின்ன வட்டப்புள்ளி தெரிகிறது. அதுதான் கிளையின் மையம். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. வெட்டுமுகத்தில் வட்டவட்டமாகத் தெரியும் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய 2 மடங்கு. மையம் உள்ளேயே இருந்தால் அந்த இழுப்பு வெடிப்பாகத்தான் வெளியே வரும். அதனால் கிளையை மையத்தின் வழியே இரண்டாகப் பிளந்து, மையத்தைக் கோடரியால் சீவி எறிந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ரம்பத்தால் அறுக்காமல் பிளக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பிளவு இழையோடு போகும், காம்பு நெடுக இழை அறுபடாமல் இருக்கும், எளிதில் ஒடியாது.

அப்புறம் காயவைப்பது. செதுக்கியதும் வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைத்துவிடுகிறோம். குழியின் மெல்லிய விளிம்பு சீக்கிரம் காயும், தடித்த கழுத்து காயாது, இரண்டும் எதிரெதிராக இழுக்கும். செதுக்கிய சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை வரும், தினமும் பையைத் திறந்து காற்றுக் காட்டுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய, சமையலறைத் தராசில் நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. குழியின் சுவர் எங்கும் 5 மி.மீ. அளவில் சமமாக இருந்தால் பாதிக் கவலை இல்லை.

கத்தி வைக்கும் இடமெல்லாம் மரம் பிய்ந்து வருகிறது.

இழைக்கு எதிராகப் போகிறீர்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெட்டுங்கள். கழுத்துக்கு ஒருமுறை காம்புப் பக்கமிருந்து, ஒருமுறை குழிப் பக்கமிருந்து, இரண்டும் கழுத்தில் வந்து சேரட்டும். குழிக்குள்ளும் அதே கதைதான், அடித்தளத்தைத் தாண்டி மேலேறக் கூடாது. குறுக்காக வெட்டினால் இன்னும் எளிது. அப்படியும் பிய்ந்தால் கத்தியில் கூர் இல்லை.

என் மகளுக்கு 13 வயது. கத்தியைக் கொடுக்கலாமா?

பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால் கொடுக்கலாம் அம்மா. மடியில் வைத்துச் செதுக்க விடாதீர்கள், தொடையின் உட்புறத்தில் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது. முழங்கைகள் முழங்கால் மேல், கட்டை முழங்காலுக்கு வெளியே. என் இடது கட்டைவிரலில் 4 தையல் விழுந்தது, கூர் மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ளிய நாளில்தான். கூரான கத்தி அழுத்தம் கேட்காது.

உப்புத்தாள் போட வேண்டுமா?

தேவையில்லை. காய்ந்தபின் ஒருமுறை நனைத்து உலர்த்தினால் மயிர்போல் இழை எழும்பும், கூரான கத்தியால் லேசாகச் சீவிவிடுங்கள். கத்தி விட்டுப்போன வெட்டுத் தடங்கள் கையில் படும்போது தனி சுகம்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பூசலாம், ஆனால் அது கெட்டியாகாது, கழுவக் கழுவப் போய்விடும். சமையலுக்கான ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாகக் காய்ந்து நிற்கும், சில வாரம் பொறுக்க வேண்டும். பெயிண்ட் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய் வேண்டாம், சீக்கிரம் உலர உலோக உப்பு சேர்த்திருப்பார்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.