சைக்காலஜி படிக்கும் மகள் முதலில் கற்க வேண்டியது

"யார் அழுதாலும் கூடச் சேர்ந்து அழுகிற பெண். இவளால் சைக்காலஜிஸ்ட் வேலையைத் தாங்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இளகிய மனசு இந்த வேலைக்குத் தடையே இல்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான் தடை. அது பிறவிக் குணமல்ல, பயிற்சியில் வருவது.

அந்தப் பயிற்சி, ஆலோசனைக்கு வருபவர் முதலில் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்திலேயே தொடங்குகிறது. கட்டணம், நேரம், செஷன்களுக்கு இடையே எப்படித் தொடர்புகொள்வது, குறிப்புகள் எங்கே இருக்கும், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், ரகசியம் எப்போது உடையும் என்பது. உயிருக்கு ஆபத்து, குழந்தை மீதான வன்முறை, நீதிமன்ற உத்தரவு ஆகியவற்றை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். 1976-இல் டாரசாஃப் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், நோயாளியால் ஒருவருக்குக் கடும் ஆபத்து என்று தெரிந்தால் அவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்றது. பிறகு பல இடங்களில் சட்டங்கள் இதையொட்டி வந்தன. விதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அவள் வேலை செய்யும் ஊரின் சட்டத்தைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

இனி 50 நிமிட செஷனுக்கு வருவோம். 48-ஆவது நிமிடத்தில், கதவில் கை வைத்தபடி, "ஒன்று சொல்ல விட்டுப்போச்சு..." என்று கனமான விஷயம் வெளியே வரும். உங்கள் மகளைப் போன்றவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். உயிருக்கு ஆபத்து உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். உண்டு என்றால் கடிகாரத்தை மறந்துவிடலாம். இல்லை என்றால், "இது முக்கியம், அடுத்த முறை இதிலிருந்தே ஆரம்பிப்போம்" என்று சொல்லி, குறிப்பின் முதல் வரியாக எழுதிவைக்க வேண்டும். இரக்கப்பட்டு இருபது நிமிடம் நீட்டினால், கடைசியில் சொன்னால்தான் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று வந்தவர் பழகிவிடுவார்.

பெரிய தவறுகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. முதலில் கூடுதல் நேரம், அப்புறம் சொந்த எண், அப்புறம் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப், ஒருநாள் தன் கஷ்டத்தை அவரிடமே சொல்வது. அதற்காக வழக்கத்தை மீறுவதெல்லாம் தவறாகிவிடாது. வெளியே வரவே அஞ்சுபவருடன் தெருமுனை வரை நடப்பது சிகிச்சையின் பகுதியாகவே இருக்கலாம். அதைக் குறிப்பில் எழுதலாம், சூப்பர்வைசரிடமும் சொல்லலாம். எழுதவோ சொல்லவோ கை கூசினால் அங்கே ஏதோ சரியில்லை. பாலுறவு விஷயத்தில் மட்டும் விவாதத்துக்கே இடமில்லை. சிகிச்சை நடக்கும்போது முழுத் தடை. முடிந்த பிறகும் குறைந்தது 2 ஆண்டு கூடாது என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. அதற்குப் பிறகும்கூட மிக அபூர்வமான சூழலில்தான், சுரண்டல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் சிகிச்சையாளர் தலையில்தான்.

உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. "இன்று யார் வந்தார்கள்?" என்று கேட்காதீர்கள். பெயரை மறைத்தாலும் வயது, வேலை, பிரச்சினை மூன்றையும் சேர்த்தால் ஆள் தெரிந்துவிடும். "தங்கை பையனிடம் கொஞ்சம் பேசச் சொல்கிறேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். தன் அம்மாவைப் பற்றிய கோபத்தை அந்தப் பையன் பெரியம்மா மகளிடம் எப்படிக் கொட்டுவான்? அவள் வேறொருவரிடம் அனுப்பிவைப்பதுதான் சரி, உறவினர் முகம் சுளித்தாலும்.

பாரத்தை வீட்டுக்குத் தூக்கி வருவாளே என்ற பயம் நியாயமானது. செஷன்களுக்கு நடுவே பத்து நிமிட இடைவெளி, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு, தவறாத சூப்பர்விஷன், தேவைப்பட்டால் தனக்கே தெரபி ஆகியவை பெருமளவு உதவும்.

கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், மேற்பார்வையுடன் நேரடியாக ஆலோசனை தரும் மணிநேரம் எவ்வளவு, சூப்பர்வைசர் ஒப்புதலோடு பதிவுசெய்த செஷனைக் கேட்கிறாரா, இல்லை கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்று விசாரியுங்கள். முடிந்தால் மூத்த மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள், அலுவலகத்தில் எல்லாம் நன்றாகத்தான் சொல்வார்கள். கையெழுத்து மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.