வீட்டில் 74, லேபில் 9: கேளுங்கள், பொறியியல் மாணவர்களே!

ஐயா, மோட்டாரின் எஃபிஷியன்சி (உள்ளே போகும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் வேலையாகிறது என்பது) காண சி மொழியில் நிரல் எழுதினேன். அவுட்புட் 2238 வாட், இன்புட் 3000 வாட். வகுத்து 100-ஆல் பெருக்கினால் 0 வருகிறது. சீனியர் அக்கா சொன்னபடி முதலில் 100-ஆல் பெருக்கினேன். வீட்டு லேப்டாப்பில் 74, காலேஜ் லேபில் 9. கால்குலேட்டரோ 74.6 என்கிறது. எதை நம்புவது?
- முதலாமாண்டு மாணவி, பெருந்துறை

கால்குலேட்டரை நம்பு, கண்ணு. மூன்று ஹெச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார்தானே? ஒரு ஹெச்.பி. 746 வாட்; அதை மூன்றால் பெருக்கினால் உன் 2238 வந்துவிடுகிறதே!

முதலில் அந்த 0. இரண்டு எண்ணையும் இன்ட், அதாவது முழு எண், என்று அறிவித்திருக்கிறாய். இன்டை இன்டால் வகுத்தால் சி மொழி முழு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புள்ளிக்குப் பின்னால் இருப்பதை உதறிவிடும். 0.746-இல் மிஞ்சுவது 0. அதை எதனால் பெருக்கி என்ன? அக்காவின் வைத்தியத்தில் 223800-ஐ 3000-ஆல் வகுக்கிறாய், 74 தேறுகிறது, .6 தேறவில்லை. பம்ப் டெஸ்டிங்கில் அந்த .6-க்காகச் சண்டையே நடக்கும்.

எனக்குப் பிடித்தது அந்த 9தான். உங்கள் லேபில் இன்னும் நீலத் திரை டர்போ சி (பழைய சி மொழி மென்பொருள்) ஓடுகிறது, சரியா? அதில் இன்டுக்கு 2 பைட்தான். 32767-க்கு மேல் கொள்ளாது. மிஞ்சினால் 65536, 65536-ஆகக் கழிந்துபோகும். 223800-லிருந்து 65536-ஐ மூன்று முறை கழித்துப் பார், 27192 நிற்கும். அதை 3000-ஆல் வகுத்தால் உன் 9. லேப்டாப்பில் இன்டுக்கு 4 பைட், 214 கோடி வரை தாங்கும்.

இரண்டு எண்ணையும் ஃப்ளோட், அதாவது புள்ளி எண், ஆக்கு. எண்ணை வாங்கும் ஸ்கேன்எஃப் (scanf), விடையைக் காட்டும் பிரின்ட்எஃப் (printf) இரண்டிலும் பர்சென்ட் டி-யை (%d) பர்சென்ட் எஃப் (%f) என்று மாற்ற மறக்காதே. நிஜத்தில் ஒரு மோட்டார் 9 சதவீதத்தில் ஓடினால் காயில் கருகி வாடை ஊரைக் கூட்டியிருக்கும். லேபில் அந்த விடையைப் பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது பார், அது நல்ல புத்தி. நிறையப் பேர் 9 என்றே ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள்.

5 ஹெச்.பி., 415 வோல்ட், த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு என் கணக்கில் 5.2 ஆம்பியர். காயில் கட்டும் கடை அண்ணன் 7.5 என்கிறார். யார் சரி?
- பாலிடெக்னிக் மாணவன், கோபி

கடைக்காரர்தான், தம்பி. ஹெச்.பி. என்பது ஷாஃப்டில் கிடைப்பது. லைனில் இழுப்பது அதைவிட அதிகம். நீ 3730 வாட்டை ரூட் 3, 415 இரண்டால் மட்டும் வகுத்து நிறுத்திவிட்டாய். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் பங்கு) 0.8, எஃபிஷியன்சி 0.85 என்று வைத்து அவற்றாலும் வகு, 7.6 வரும். அவர் ஹெச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்று மனக்கணக்காகச் சொல்கிறார்.

உன் 5.2-ஐ நம்பி டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் (மோட்டாரை நேரே லைனில் இணைத்து ஓட்டும் பெட்டி) ஓவர்லோட் ரிலேயை (மின்னோட்டம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) வைத்தால் பாதி வயல் நனைவதற்குள் ட்ரிப் ஆகும். அப்புறம் அப்பாவிடம் நீதான் பதில் சொல்ல வேண்டும். ரிலே வைக்க அவர் கணக்கும் வேண்டாம், என் கணக்கும் வேண்டாம். மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்து, அதில் அச்சடித்திருக்கும் ஆம்பியரைப் பார்த்து வை.