'குல்' என்ற பாரசீகச் சொல்லும் ரோஜாவும் உறவா?

பாரசீகத்தில் பூவைக் குறிக்கும் 'குல்' என்ற சொல்லுக்கும் நம் 'ரோஜா'வுக்கும் உறவு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். காதுக்கு ஒட்டவே இல்லைதான். ஆனால் உண்டு என்றே பெரும்பாலான மொழியியலாளர்கள் சொல்கிறார்கள்.

பழைய ஈரானிய வடிவம் ஏறக்குறைய 'வ்ருத'; ஜொராஸ்திரியரின் பழைய புனித நூலான அவெஸ்தாவில் 'வரத'. பாரசீகத்தில் முதலில் இருந்த வகரம் ககரமாகி, 'ர்த்' லகரமாகி, 'குல்' வந்தது. அவெஸ்தாவின் 'சரத்' (ஆண்டு) பாரசீகத்தில் 'சால்' ஆனதும் இப்படித்தான். ஆர்மீனிய 'வர்த்', அரபு 'வர்து', கிரேக்க 'ரோதோன்', லத்தீன் 'ரோசா' எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

அப்புறம் 'குலாப்': குல் + ஆப் (நீர்), அதாவது பன்னீர். ஈரானில் இன்றும் அதே பொருள்தான். இந்தியில்தான் பூவுக்கே பெயராகிவிட்டது. குலாப் ஜாமூனில் இருப்பதும் இந்தக் குலாப்தான். ஜாமூன்? நம்ம நாவற்பழம்!