வாசகர் கேள்வி – எங்கள் பதில்: பைக் டிராக் பள்ளியில் சேரும் முன்

ஐந்து வருடமாக 200 சிசி பைக் ஓட்டுகிறேன். நேர்ச்சாலையில் பயமில்லை. ஏற்காடு மலைப்பாதை வளைவுகளில் மட்டும் உடம்பு விறைத்துப்போகிறது. பந்தய டிராக்கில் ஒருநாள் பயிற்சி எடுக்கலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு கட்டணம் சொல்கிறார்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
— வாசகர், சேலம்

தமிழ்நாட்டிலேயே இரண்டு டிராக்குகளைச் சொல்லலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கி.மீ. முதல் முறை போகிறவருக்குச் சின்ன டிராக் எந்த வகையிலும் குறைச்சல் இல்லை. நேர்ப்பாதை குட்டையாக இருந்தால் வேகம் குறையும். அதே நேரத்தில் அதிக முறை வளைவுக்கு வருவீர்கள். நீங்கள் பழகப் போவது வளைவைத்தானே.

கட்டணத்தை அப்படியே ஒப்பிடாதீர்கள். ஒரு நாளில் எத்தனை செஷன் (டிராக்கில் இறங்கி ஓட்டும் தவணை), ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று கேட்டு, கட்டணத்தை மொத்த நிமிடங்களால் வகுத்துப் பாருங்கள். 20 நிமிடம் வீதம் ஐந்து செஷன் என்றால் 100 நிமிடம் டிராக்கில் இருப்பீர்கள். மூன்று செஷன் மட்டும் தரும் பள்ளி மலிவாகத் தெரிந்தாலும் நிமிடக் கணக்கில் விலை கூடிவிடலாம்.

அதைவிட முக்கியம், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள் என்பது. ஐந்தாறு பேரைத் தாண்டினால் உங்கள் தவறைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. முன்னால் ஓட்டிக்காட்டத்தான் முடியும். நல்ல பள்ளியில் பயிற்சியாளர் உங்கள் பின்னாலும் வருவார். செஷன் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, 'இந்த வளைவில் இதைச் செய்தீர்கள், அடுத்த செஷனில் இந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்' என்பார். ஒரே மூச்சில் எட்டுத் தவறுகளை அடுக்குகிறவரிடம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பந்தயத்தில் வாங்கிய கோப்பைகளையும் கற்றுக்கொடுக்கும் திறமையையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

போனில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'முதல் செஷனில் என்ன செய்யச் சொல்வீர்கள்?' 'எங்கள் பின்னால் சுற்றி வாருங்கள்' என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் 1980-ல் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. அவர்கள் முறையில் நான்கு நிலைகள். ஒவ்வொரு செஷனுக்கு முன்னும் வகுப்பறை. அங்கே ஒரே ஒரு பாடம். டிராக்கில் அந்த ஒன்றை மட்டும் பழக வேண்டும். முதல் பாடம் த்ராட்டில், அதாவது ஆக்ஸிலரேட்டர். ஒரே கியரில், பிரேக் தொடாமல் ஓட்டச் சொல்வார்கள். பிரேக் இல்லை என்றால் வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைய முடியாது. எவ்வளவு வேகம் போதும் என்று கண்ணே அளக்கத் தொடங்கும். வலது கைக்கும் த்ராட்டிலைச் சீராகத் திறப்பது ஒன்றே வேலையாக இருக்கும். எந்தப் பள்ளியானாலும் இப்படி ஒரு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆம்புலன்ஸ் டிராக் ஓரத்திலேயே நிற்குமா, அது ஒருவரை ஏற்றிக்கொண்டு வெளியே போனால் செஷனை நிறுத்துவார்களா என்றும் கேளுங்கள். 'நிறுத்துவோம்' என்று தயங்காமல் சொல்ல வேண்டும். கொடிகளுக்குத் தனி வகுப்பு இல்லாத இடத்துக்குப் போகவே வேண்டாம். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் செஷன் நின்றது, வேகம் குறைத்துப் பிட்டுக்கு (டிராக் ஓரம் பைக்குகள் நிற்கும் இடம்) திரும்ப வேண்டும். மஞ்சளும் சிவப்பும் பட்டைபட்டையாக இருந்தால் தரை வழுக்குகிறது. இதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சொந்த பைக்கா, பள்ளி தரும் பைக்கா?
— வாசகர், வேலூர்

முதல் நாளுக்குப் பள்ளியின் 150–200 சிசி பைக் நல்லது. விழுந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு பாதியாகக் குறையும். ஆனால் கீழே போட்டால் உடைந்த பாகத்துக்கு யார் பணம் கட்டுவது, அதிகபட்சம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பைக் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம். 600 சிசி-யில் வளைவில் செய்யும் தவறை அடுத்த நேர்ப்பாதையில் இன்ஜின் மறைத்துவிடும். 150 சிசி-யில் அந்த வசதி இல்லை.

என் பழைய பைக்கைத்தான் கொண்டுபோகிறேன். என்னென்ன தயார் செய்ய வேண்டும்?
— வாசகர், பொள்ளாச்சி

முதலில் லெக் கார்டு, சேலைக் கார்டு, சென்டர் ஸ்டாண்டு மூன்றையும் கழற்றுங்கள். பைக் சாயும்போது இந்த இரும்பு தரையைத் தொட்டால், அதையே ஊன்றி டயர் தரையை விட்டு எழும்பும். அடுத்த நொடி கீழே. கண்ணாடிகளையும் கழற்ற வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர் மீது டேப் ஒட்டுங்கள், உடைந்தால் சில்லுகள் டிராக்கில் சிதறாது.

பிரேக் ஃப்ளூயிட் மாற்றி ஒரு வருடம் ஆகிவிட்டதா? புதிது ஊற்றுங்கள். டாட் 4 என்ற வகை பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கக்கூடும். சுற்றுக்குச் சுற்று அழுத்திப் பிடிக்கும்போது உள்ளே குமிழி உண்டாகி, லிவர் கைப்பிடி வரைக்கும் அமுங்கும். பிரேக் பேடு 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

செயினுக்கு எண்ணெய் முந்தின இரவே போட்டுத் துடைத்துவிடுங்கள். காலையில் போட்டால் பின் டயரில் தெறிக்கும். வாட்டர் வாஷ் விட்டால் டயருக்குப் பாலிஷ் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பளபளப்புக்காகப் பூசும் அது ஓரத்தில் பட்டால் முதல் வளைவிலேயே வழுக்கிவிடும்.

டயர் காற்றை பைக்கோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவில் வைத்துக்கொண்டு போங்கள். பயிற்சியாளர் சொன்னால் மட்டும் 2 முதல் 4 பிஎஸ்ஐ குறைக்கலாம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி நிரப்புங்கள், பலரும் மறப்பது இதைத்தான்.

ஒரு பள்ளிக்குப் போய்வந்தேன். வளைவைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் பைக் டிராக் விளிம்புக்கு ஓடுகிறது. 'தூரமாகப் பார்' என்றார்கள். பார்த்தும் சரியாகவில்லை.
— வாசகர், ஓசூர்

பார்வை ஒரு காரணம்தான். இன்னும் மூன்று உண்டு.

பெரும்பாலும் நீங்கள் சீக்கிரம் திரும்புகிறீர்கள். பயத்தில் இருப்பவர் கை வளைவைக் கண்டதும் உள்ளே இழுக்கும். அப்படித் திரும்பினால் உள்விளிம்பை முன்கூட்டியே தொட்டுவிடுவீர்கள். வளைவோ இன்னும் முடிந்திருக்காது; மிச்சத்துக்கு இடம் போதாமல் பைக் வெளியே ஓடும். தரையில் ஒரு தார் ஒட்டு, கெர்ப் (டிராக்கின் விளிம்புக் கட்டை) தொடங்கும் இடம் என ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, இப்போது திரும்பும் இடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் திரும்பிப் பாருங்கள். தள்ளித் திரும்புவதால் கொஞ்சம் சுறுசுறுப்பாகச் சாய்க்க வேண்டிவரும். அதற்கு வலதுபுறம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். இடதுபுறத்துக்கு இடது கைப்பிடி.

அங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது. முழங்கை விறைத்து நேராக இருந்தால் தள்ளும் விசை முன்னால் போகாமல் கீழே போகும். போதாதற்கு மறு கையும் எதிர்த்துப் பிடிக்கும். நேர்ப்பாதையில் கோழி இறக்கை அடிப்பதுபோல் இரண்டு முழங்கைகளையும் அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லை என்றால் உடம்பின் பாரம் கைகளில் இருக்கிறது. அதைக் கால்களுக்கு மாற்ற வேண்டும். முன்பாதம் ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும், பிரேக் பிடிக்கும்போது இரண்டு தொடைகளாலும் டேங்கை இறுக்குங்கள், சாயும்போது வெளிப்பக்க முட்டி டேங்கில் அழுந்த வேண்டும். எங்களுக்குத் தெரிந்து வளைவுப் பயத்தைக் குறைப்பதில் இதற்கு இணை எதுவுமில்லை.

மூன்றாவது த்ராட்டில். பைக் இன்னும் சாய்ந்துகொண்டிருக்கும்போது அதிகம் திறந்தால் முன்பக்கம் எழும்பி வட்டம் அகலமாகும். பயந்து சட்டென்று மூடினால் ஃபோர்க் (முன் சக்கர சஸ்பென்ஷன்) அமுங்கி, முன் டயர்மேல் பாரம் ஒரேயடியாக விழும். சாய்த்து முடித்ததும் மெல்லத் திறக்கத் தொடங்கி, வளைவு முடியும்வரை சீராகத் திறந்துகொண்டே போங்கள். அது முடியவில்லை என்றால் நுழைந்த வேகம் அதிகம்.

மூன்றையும் ஒரே செஷனில் திருத்தப் பார்க்காதீர்கள்.

முட்டியைத் தரையில் உரச எத்தனை நாள் பிடிக்கும்?
— வாசகர், திருநெல்வேலி

அதை இலக்காக வைக்காதீர்கள். பைக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் அளவுகோல்தான் முட்டி. புகைப்படத்துக்காக முட்டியை நீட்டுகிறவர் உள்கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவார், பைக் ஆட்டம் காணும்.

லெதர் சூட் வாங்கியே ஆக வேண்டுமா?
— வாசகி, புதுச்சேரி

சூட்டை வாடகைக்கு எடுங்கள், பல பள்ளிகளில் கிடைக்கும். அளவு தொளதொளவென்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விழும்போது முட்டிக் கவசம் நகர்ந்துவிடும். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். ஹெல்மெட் முழு முகத்தை மூட வேண்டும். தாடைப் பட்டை இரட்டை வளையத்தில் மாட்டுவதாக இருந்தால் நல்லது. கையுறை மணிக்கட்டைத் தாண்டியும், பூட்ஸ் கணுக்காலுக்கு மேலும் வர வேண்டும். முதுகுக் கவசத்தில் சிஇ (ஐரோப்பியத் தரக் குறி) லெவல் 2 என்று இருக்கிறதா பாருங்கள். அடிபடும்போது உடலுக்குக் கடத்தும் விசைக்கு லெவல் 1-ல் சராசரி வரம்பு 18 கிலோநியூட்டன், லெவல் 2-ல் 9; குறைவாகக் கடத்துவதே நல்லது.

நம் வெயிலில் லெதருக்குள் உடம்பு வெந்துபோகும். செஷனுக்குச் செஷன் அரை லிட்டர் தண்ணீர், இடையில் ஓஆர்எஸ் குடியுங்கள். கடைசி செஷனுக்கு முன் தலை கனத்தால் போகாதீர்கள்.

என் மகனுக்கு 21 வயது. டிராக் பயிற்சிக்குப் பணம் கேட்கிறான். போய்வந்தால் ரோட்டிலும் அப்படியே பறப்பானோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், மதுரை

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அங்கிருந்து ரோட்டுக்குக் கொண்டுவரக் கூடியது பிரேக்கும் பார்வையும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறோம். முன் பிரேக்கைப் பதறாமல் படிப்படியாக அழுத்தப் பழகியவன் அந்த மீட்டர்களை மிச்சம் பிடிப்பான். ரோட்டுக்குக் கொண்டுவரக் கூடாததும் ஒன்று இருக்கிறது. டிராக்கில் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்புக்கும், மறுபடி வெளியேயும் போகும் கோட்டைக் கற்றுத்தருவார்கள். அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். மலைப்பாதையில் அதே கோட்டைப் பிடித்தால் நடுக்கோட்டின் மேல் தலை இருக்கும், எதிரே பஸ் வரும். இந்த வித்தியாசத்தைப் பள்ளியில் சொல்லித்தருகிறார்களா என்று நீங்களே போன் போட்டுக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

விழுந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
— வாசகர், தஞ்சாவூர்

பைக் பாலிசியில் பொதுவாகக் கிடைக்காது. 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள்: ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவை விலக்கு என்று அச்சிட்டிருக்கும். மருத்துவ பாலிசி வேறு. அதில் 'எக்ஸ்கிளூஷன் 09' என்ற பிரிவு, சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்பவருக்கான சிகிச்சையை விலக்குகிறது. மோட்டார் பந்தயமும் அந்தப் பட்டியலில் உண்டு. 'தொழில்முறையாக' என்ற சொல்தான் உங்களுக்குப் பிடிமானம். ஆனாலும் தனிநபர் விபத்து பாலிசிகளில் வாசகம் மாறும். பள்ளிக்குப் பணம் கட்டும் முன்பே, ஒருநாள் டிராக் பயிற்சி என்று தெளிவாக எழுதி, உங்கள் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் நீட்டும் பொறுப்புத்துறப்புப் படிவத்தை முந்தின நாளே அனுப்பச் சொல்லி முழுதாகப் படியுங்கள்.