பாலைநதியில் கயாக் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். கொலராடோ ஆற்றைப் பற்றி உங்கள் தளத்தில் படித்த நாளிலிருந்து ஒருமுறையாவது அதில் இறங்கிவிட வேண்டும் என்று ஆசை. நாங்கள் டாலஸில் இருக்கிறோம், தம்பி லாஸ் வேகாஸில். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் வாரம் கழிந்தோ அவன் வீட்டில் தங்கி, ஹூவர் அணைக்குக் கீழே பிளாக் கேன்யன் பள்ளத்தாக்கில் வழிகாட்டியோடு கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு) ஓட்டும் டூர் ஒன்றில் சேரலாம் என்று இருக்கிறோம். வில்லோ பீச்சிலிருந்து எமரால்ட் குகைவரை போய்த் திரும்பும் அரைநாள் டூர் இருக்கிறது, அணையின் அடியிலிருந்தே கிளம்பும் முழுநாள் டூரும் இருக்கிறது. வருவது நான், கணவர், 12 வயது மகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அம்மா (61 வயது). எனக்கும் கணவருக்கும் நீச்சல் தெரியாது. மகள் வகுப்புக்குப் போகிறாள். அம்மா சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீந்தியவர், எங்களைவிட அவருக்குத்தான் ஆர்வம் அதிகம்.

பாலைவனம் என்பதால் தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் கேன் எல்லாம் வாங்கிவிட்டோம். வழிகாட்டிதான் கூட வருகிறாரே, வேறென்ன தயாரிப்பு என்கிறார் கணவர். சரிதானா? நீச்சல் தெரியாது என்று படிவத்தில் எழுதினால் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்றும் ஒரு தயக்கம்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முதலில் படிவம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு இந்த மாதிரி டூர்களில் வருவது சாதாரணம்தான், ஆனால் யாருக்குத் தெரியாது என்பது வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரை எந்தக் கயாக்கில் உட்காரவைப்பது, யார் பக்கத்திலேயே தான் வருவது, காற்று எழுந்தால் யாரை முதலில் கரைக்கு அனுப்புவது என்று அவர் மனதுக்குள் போடும் கணக்கெல்லாம் நீங்கள் எழுதிக்கொடுப்பதை வைத்துத்தான். அம்மாவுக்கு முட்டிவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை எது இருந்தாலும் அதையும் எழுதுங்கள். உங்களைச் சேர்க்க முடியாது என்று ஒரு நிறுவனம் சொன்னால் வேறொன்றைக் கேளுங்கள். மறைத்து இடம் பிடிக்காதீர்கள்.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் எல்லாமே வெயிலுக்கானவை. அந்த ஆற்றில் நான் பயப்படுவது வெயிலைவிடத் தண்ணீரின் குளிருக்கு. ஹூவர் அணை 221 மீட்டர் உயரம், 1935இல் கட்டி முடித்தது. அதற்குப் பின்னால் நிற்கும் மீட் ஏரியின் ஆழத்திலிருந்து, வெயிலே எட்டாத அடுக்கிலிருந்து, தண்ணீரை எடுத்து மின்சாரம் தயாரித்துவிட்டுக் கீழே விடுகிறார்கள். அதனால் வெளியே 45 டிகிரி கொளுத்தும் ஜூலையிலும் சரி, ஜனவரியிலும் சரி, அணைக்குக் கீழே ஆறு ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸில்தான் ஓடுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்த பாட்டில் தண்ணீர் மாதிரி. கரையில் நின்று கையை விட்டுப் பார்த்தால் சுகமாகத்தான் இருக்கும். கவிழ்ந்து, நெஞ்சுவரை ஒரே நொடியில் நனையும்போது நடப்பது வேறு. மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். அப்புறம் ஒரு நிமிடம்போல மூச்சு நம் பேச்சைக் கேட்காது, இரைக்க இரைக்க வாங்கும். அது அடங்கியபிறகும் பத்து நிமிடத்துக்குள் விரல்கள் மரத்து, கயிற்றைப் பிடிக்கவோ கொக்கியை மாட்டவோ முடியாமல் போகும். உடம்பு முழுக்கக் குளிர்ந்து விறைப்பதெல்லாம் அதற்கும் மெதுவாக நடப்பது. ஆபத்தானது அந்த முதல் நிமிடம்தான்.

அம்மாவைப் பற்றி நான் யோசிப்பது அதனால்தான். கிணற்றில் நீந்தியவருக்குத் தண்ணீர் பயம் இருக்காது, அது பெரிய பலம். ஆனால் மதுரைப் பக்கத்துக் கிணறு எவ்வளவு குளிர்ந்தாலும் இந்தக் குளிருக்கு வராது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் இந்த முதல் நிமிடம் திணறடித்துவிடும், அந்த நேரத்தில் தலையை மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட் மட்டும்தான். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே, இது எதுக்கு இறுக்கிப் பிடிக்குது" என்று அம்மா வார்களைத் தளர்த்திக்கொள்ள ஆரம்பித்தால் விடாதீர்கள். எல்லா வார்களையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது தளர்வு, வேறு அளவு கேளுங்கள். மகளுக்கும் இதே சோதனை. கரைக்கு வந்து இறங்கும்வரை யாரும் கழற்ற வேண்டாம், போட்டோவுக்காகக்கூட.

இன்னும் நாள் இருக்கிறது, உங்கள் அபார்ட்மெண்டில் நீச்சல் குளம் இருந்தால் இப்போதே ஒரு காரியம் செய்யுங்கள். நான்கு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, முதலில் நிற்க முடிகிற ஆழத்தில், பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து பாருங்கள். விழுந்தவுடன் கையைக் காலை அடிக்காமல், மூச்சு சீராகும்வரை மல்லாந்து மிதப்பது, அதுதான் பயிற்சி. ஆற்றில் கூடுதலாக ஒன்று, கயாக்கை விடாமல் பிடித்துக்கொள்வது. அது மிதக்கும், வழிகாட்டியின் கண்ணுக்கும் தெரியும். நீங்களும் கணவரும் நீச்சல் தெரியாமலே இதைப் பழகிவிடலாம். மேலே திறந்தாற்போல உட்காரும் வகைக் கயாக்கைக் கேட்டு வாங்குங்கள். கால்களை உள்ளே நுழைத்து உட்காரும் வகையில் கவிழ்ந்தால் வெளியே வரத் தனிப்பழக்கம் வேண்டும், முதல்முறைக்கு அது வேண்டாம். இரண்டிரண்டு பேராக உட்காரும் கயாக் என்றால் பின்னால் இருப்பவர்தான் திசை திருப்புவார், அங்கே பலமானவர் உட்காரட்டும்.

உட்காருவது என்றதும் இன்னொன்று. சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்காருகிறவர்களுக்கும் கயாக்கில் முதுகு பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அங்கே காலை முன்னால் நீட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, நிமிர்ந்து உட்கார வேண்டும். தினமும் சாயங்காலம் தரையில் அப்படி அரைமணி நேரம் உட்கார்ந்து பழகுங்கள், டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். உட்கார்ந்தபடியே ஒரு துடைப்பக் கட்டையைக் குறுக்கே பிடித்து, கையால் இழுக்காமல் இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பித் துடுப்புப் போடுகிற மாதிரி செய்து பாருங்கள். வெறும் கைபலத்தில் போட்டால் அரைமணியில் தோள் விட்டுப்போகும். கட்டையை இறுக்கிப் பிடிப்பதும் வேண்டாம், மணிக்கட்டு வலியும் கொப்புளமும் அதில்தான் வருகின்றன.

எந்த டூர் என்று கேட்டால் அரைநாள். முழுநாள் டூர் ஏறக்குறைய 12 மைல், அணையின் நிழலிலேயே கிளம்புவது பெரிய அனுபவம்தான். அது பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கும் இடம் என்பதால் அனுமதி பெற்ற நிறுவனங்கள் மூலமாகத்தான் இறங்க முடியும், அடையாள அட்டையும் கேட்பார்கள். வழியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. போகிறவர்கள் அதில் தலையை முக்கவே கூடாது, மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபா அங்கே இருக்கக்கூடும் என்று அந்தப் பகுதியைப் பராமரிக்கும் தேசியப் பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. ஆனால் நான்கு பேரில் யாரும் துடுப்புப் பிடித்ததே இல்லை எனும்போது அவ்வளவு நேரம் ஆற்றில் இருப்பது அதிகம். எமரால்ட் குகை வில்லோ பீச்சிலிருந்து சுமார் இரண்டு மைல்தான். போகும்போது ஓட்டத்தை எதிர்த்து, வரும்போது ஓட்டத்தோடு. வரும்போது சுலபம் என்று பலத்தையெல்லாம் போகும்போதே தீர்த்துவிடாதீர்கள், பிற்பகலில் தெற்கிலிருந்து காற்று எழுந்து முகத்தில் அடிப்பது அந்தப் பள்ளத்தாக்கில் சாதாரணம். ஞாயிறு, திங்களில் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை, அந்த நாட்களில் இடம் கிடைத்தால் நல்லது. பெரிய படகின் அலை புதியவர்களை ரொம்பவே ஆட்டிவிடும்.

உடை விஷயத்தில் நம் பழக்கம் கொஞ்சம் மாற வேண்டும். வெயில் என்றால் பருத்தி என்று பழகிவிட்டோம், அம்மா பருத்திச் சுடிதாரைத்தான் எடுத்துவைத்திருப்பார். பருத்தி நனைந்தால் லேசில் காயாது. அக்டோபர் கடைசியில் காலைகள் குளிர்ச்சியாக இருக்கும், பள்ளத்தாக்குச் சுவரின் நிழலில் காற்று வேறு, நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாலியஸ்டரில் முழுக்கை பனியனும் சீக்கிரம் காயும் பேண்ட்டும் போதும், துப்பட்டா வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு செட் மாற்றுடையும் தண்ணீர் புகாத பையில் போட்டு வாயை மூன்று சுற்று மடித்து மூடுங்கள். வெட்சூட் (நனைந்தாலும் உடம்புச் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) வாடகைக்கு உண்டா என்று நிறுவனத்திடம் கேளுங்கள், இருந்தால் அம்மாவுக்கு எடுத்துவிடுங்கள். காலுக்குக் குதிகாலில் வார் உள்ள செருப்போ பழைய ஷூவோ. வெறும் ரப்பர் செருப்பு முதல் அடியிலேயே மிதந்துபோய்விடும், வெறுங்காலோ ஆகவே ஆகாது. மீட் ஏரியில் 2007இல் கண்டுபிடிக்கப்பட்ட குவாகா சிப்பிகள் இப்போது இந்த ஆற்றுப் பாறைகளிலும் ஒட்டிக்கிடக்கின்றன, ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும்.

வாங்கிய சன்ஸ்கிரீன் வீண் இல்லை. நம் நிறத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீரிலிருந்து எதிரொளித்து வரும் வெயில் தொப்பிக்கு அடியிலும் வரும், தாடைக்குக் கீழே, மூக்குக்கு அடியில், புறங்கையில், பாதத்தின் மேல்பக்கம் எல்லாம் தடவுங்கள். குடிதண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது பாலைவனக் கணக்கு, அரைநாளுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும். கூட முறுக்கு, உப்புக்கடலை மாதிரி உப்புள்ளது ஏதாவது. புளியோதரை நல்ல யோசனை, ஆனால் கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய் எடுத்துப்போகாதீர்கள், உடைந்தால் வெறுங்காலோடு வருகிற குழந்தைகளுக்கு ஆபத்து.

இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பெண்கள் பலர் கழிப்பறை இருக்காதோ என்று பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாமல் உடம்பு காய்ந்துபோகும், 61 வயதில் அது சின்ன விஷயம் இல்லை. கிளம்பும் இடத்தில் கழிப்பறை எங்கே, வழியில் என்ன ஏற்பாடு என்று முன்பதிவின்போதே கேளுங்கள், பதிலை அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அந்த நாளைக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நடுவில் கரையில் ஒதுங்கும்போது கயாக்கை நன்றாக மேலே இழுத்துப்போடச் சொல்வார்கள். சோம்பல்படாமல் செய்யுங்கள். மின்சாரத் தேவையைப் பொறுத்து அணையிலிருந்து விடும் தண்ணீர் கூடிக்குறையும், வானத்தில் ஒரு மேகம் இல்லாமலே ஆறு ஏறும். தண்ணீர் விளிம்பில் விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் திரும்பும்போது கயாக் இருக்காது.

நேரக் குழப்பம் ஒன்று இருக்கிறது. வில்லோ பீச் ஆற்றின் அரிசோனா பக்கம், தம்பி வீடு நெவாடா. நெவாடாவில் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள், அரிசோனாவில் பெரும்பாலான இடங்களில் மாற்றுவதில்லை. அதனால் அக்டோபரில் இரண்டு பக்கமும் ஒரே நேரம், நவம்பர் முதல் ஞாயிற்றுக்குப் பிறகு அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால். பள்ளத்தாக்கில் போனில் சிக்னல் கிடைக்காது, கிடைத்தாலும் எந்தப் பக்கத்து நேரத்தைக் காட்டும் என்று சொல்ல முடியாது. முன்பதிவுச் சீட்டில் போட்டிருப்பது எந்த மாநிலத்து நேரம் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதிகம் என்று காலையில் வழிகாட்டி ரத்து செய்தால், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோம் தெரியுமா என்று அவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். மறுநாளுக்கு மாற்றிக் கேளுங்கள், அன்றைக்கு அம்மாவை அணையைப் பார்க்கக் கூட்டிப்போங்கள்.